உறைபனிக்கு மேல் விழும் பனி

தை மாதத்து விடியற்காலையில் நீலகிரியின் எமரால்டு சாலையில் வந்தால், வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புல்வெளியில் இறங்கி நிற்கும் கூட்டத்தைப் பார்க்கலாம். கோவை, திருப்பூர், ஈரோட்டு வண்டிகள். தலையில் குரங்குக் குல்லா, கையில் செல்போன். வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும் உறைபனியைச் சுரண்டி உருண்டை பிடிக்கப் பார்ப்பார்கள். வராது. உள்ளங்கைச் சூட்டில் தண்ணீராகிவிடும். யாராவது ஒருவர் கட்டாயம் "அப்படியே காஷ்மீர் மாதிரி இருக்குல்ல" என்பார்.

என் மாமா ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு, அவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இந்தச் சாமான்தான் மாப்ள, அங்க ஆளக் கொல்லுது."

மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருபத்துச் சொச்சம் வருஷம் இருந்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்றார். சியாச்சினில் ஒரு தடவை, குப்வாரா பக்கம் இரண்டு தடவை. மிலிட்டரிக்காரர்களுக்கே உரிய மிகைப்படுத்தல் என்று நான் அப்போது சிரித்துவிட்டேன். புல் நுனியில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பூப்போன்ற பொருள் யாரைக் கொல்லும்? கேரட் இலையைக் கருக்கும். தேயிலையைக் கருக்கும். ஆளையா?

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று எனக்குப் புரிய நாலைந்து வருஷம் ஆனது.

பனி விஷயத்தில் நம் மொழி கொஞ்சம் கஞ்சம். புல்லில் முத்தாய் நிற்பதும் பனி, மார்கழிக் காலையில் கண்ணை மறைப்பதும் பனி, இமயத்தில் ஆளை மூடுவதும் பனி. பழைய தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. சமவெளியில் இருந்து எழுதிய ஆட்களுக்கு அது போதுமாயிருந்திருக்கிறது. மலைக்காரர்களுக்குப் போதாது. அதனால் நாங்கள் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று பிரித்துச் சொல்வோம். ஐப்பசி முடிந்து மழை விலகியதும் நீர்ப்பனி இறங்கும். அது நாலு நாள் கட்டியாய் இறங்கி வானமும் சுத்தமாய் வெளுத்துவிட்டால் அடுத்தது உறைபனி. தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி என்று பள்ளமான இடங்களில்தான் முதலில் விழும். மேகம் இருந்தால் அது போர்வை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் பூமி தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்து ஓடித் தேங்கும். அந்தத் தேக்கத்தில் காற்றிலுள்ள ஈரம் நேராகப் புல்லின்மேல் படிகமாய்ப் பூக்கும். சுற்றுலாக்காரர் படம் எடுப்பது அதைத்தான்.

அவலாஞ்சி என்றேன். அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பனிச்சரிவு என்றால் என்னவென்றே அறியாத ஓர் ஊருக்கு ஐரோப்பிய மொழிகளில் பனிச்சரிவைக் குறிக்கும் சொல்லே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஒரு பெரிய மண்சரிவு நடந்தது, அதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பழக்கத்தில் 'அவலாஞ்ச்' என்று எழுதிவைத்தார்கள். நம்மவர் வாயில் அது அவலாஞ்சியாகி, ஏதோ அம்மன் பெயர் போல அழகாகிவிட்டது. பள்ளியில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த ஆசிரியர் அந்தச் சொல்லின் பொருளைச் சொன்ன அன்று வகுப்பே சிரித்தது. இமயம் மாதிரி பனி கொட்டவே கொட்டாத ஊருக்குப் பனிச்சரிவு என்று பெயரா! சரிந்தது பனியா மண்ணா என்று பார்க்காமல் பெயர் வைத்தவனை முட்டாள் என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் என்ற ராணுவக் காவல் நிலையின் மேல் பனிச்சுவர் ஒன்று இடிந்து சரிந்தது. உள்ளே இருந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியன். அந்த ரெஜிமென்ட்டின் மையம் எங்கே இருக்கிறது என்று நீலகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெலிங்டனில், குன்னூரிலிருந்து கூப்பிடு தூரம். புதுப் பையன்கள் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்திக்கொண்டு ஓடுவதைப் பேருந்தில் இருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த மிதமான மலையில் பயிற்சி எடுத்துவிட்டு அந்த மலைக்குப் போகிறார்கள். பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

ஆறு நாள் கழித்து, ஏறக்குறைய இருபத்தைந்து அடி பனிக்கு அடியில் இருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். கர்நாடகத்துத் தார்வாட்காரர். நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. மாமா மட்டும் பார்க்கவில்லை. வெளியே போய்க் கோழிக்கூண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் ஹனுமந்தப்பா இறந்த செய்தி வந்தபோது, "தெரியும்" என்று மாமா ஒரு வார்த்தை சொன்னார்.

அன்றிரவுதான் முதல்முறையாக விவரமாகப் பேசினார். சரிவைக் கடக்கும்போது ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே இடைவெளி விட்டு, ஒருவர் கண் ஒருவர் மேல் இருக்கும்படி நடப்பது. வெயில் ஏறுவதற்கு முன், பெரும்பாலும் ராத்திரியிலேயே, கடந்து முடிப்பது. சத்தம் போட்டால் சரியும் என்று சினிமாவில் காட்டுவதெல்லாம் கதை. மனிதக் குரலுக்கு அவ்வளவு பலம் கிடையாது, காலுக்குத்தான் உண்டு. "கத்தினா ஒண்ணும் ஆகாது மாப்ள. மிதிச்சாத்தான் ஆகும்." பனிச்சரிவில் சாகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவரோ அவரோடு வந்தவரோதான் என்று பின்னாளில் படித்தேன். மலை தானாக வந்து விழுவது குறைவு, நாம்தான் போய் மிதிக்கிறோம். சோனம் நிலையில் நடந்தது அந்த வகை இல்லை. அங்கே நிலைக்குள் இருந்தவர்கள்மேல் சுவர் விழுந்தது. அதையும் மாமாதான் பிரித்துச் சொன்னார், செத்தவர்கள்மேல் பழி வந்துவிடக் கூடாது என்பதுபோல.

நான் போய் மிதிக்கப் பார்த்தது 2019 பிப்ரவரியில்.

அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர், உத்தரகாண்டில் கேதார்காந்தா. குளிர்காலத்தில் சாங்க்ரி என்ற கிராமத்தில் இருந்து ஏறுவது. உச்சி 12,500 அடிக்குச் சொச்சம். இணையத்தில் 'எளிய பனி மலையேற்றம்' என்று போட்டிருப்பார்கள், அதில் பெரிய பொய் இல்லை. ஒரு நிறுவனத்தில் பணம் கட்டினோம். பெயர் எதற்கு, எல்லாம் ஒரே அச்சுதான். நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று பனி கொட்ட ஆரம்பித்தது, இரண்டு ராத்திரி ஒரு பகல். மூன்றாம் நாள் காலை வானம் நீலமாய்க் கழுவிவிட்டது போல இருந்தது. தேவதாரு மரமெல்லாம் வெள்ளை. எட்டுப் பேரும் கூடாரத்தை விட்டுக் குழந்தைகள் போல ஓடினோம்.

எங்கள் வழிகாட்டி உள்ளூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். உத்தரகாசியில் மலையேற்றப் பயிற்சி முடித்தவர். அவரை நாங்கள் 'பாய்ஜி' என்று கூப்பிட்டோம். அவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. ஒரு ஷவலை எடுத்துக்கொண்டு, பாதையை விட்டு விலகி ஒரு சிறு சரிவின் ஓரமாகப் போய்க் குழி வெட்ட ஆரம்பித்தார். கக்கூசுக்கு என்று நினைத்து நாங்கள் நாகரிகமாய்த் திரும்பிக்கொண்டோம். கூப்பிட்டார்.

மார்பளவு குழி. ஒரு பக்கச் சுவரை ஷவலால் செதுக்கி வழவழப்பாக்கியிருந்தார். வெட்டிய கேக்கைப் போல அடுக்கு அடுக்காய்த் தெரிந்தது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு வானிலை. மேலே முழங்கால் உயரத்துக்கு நேற்றைய பனி, பஞ்சு. அடியில் காற்று அடித்து இறுக்கியது, பலகை. அதற்கும் அடியில் வெயிலில் உருகி மறுபடி உறைந்த கண்ணாடி ஓடு. தரையை ஒட்டி, சர்க்கரை போலப் பொலபொலவென்று ஒட்டாத மணிகள். கையில் அள்ளினால் விரலிடுக்கில் கொட்டிப் போனது. தரை ஏறக்குறைய ஜீரோவில் இருக்கும், மேற்பரப்பு அதைவிட எவ்வளவோ குளிர்ந்திருக்கும். அந்த வித்தியாசத்தில் ஈரம் ஆவியாகிக் கீழிருந்து மேலே ஊர, பனி மணிகள் ஒன்றையொன்று விட்டு விலகி இப்படி ஆகிவிடும். பனி விழுந்ததோடு முடிவதில்லை. விழுந்த பிறகும் உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் காட்டியதுதான் விஷயம். புதுப்பனிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு கோடு, பென்சிலால் இழுத்தது போல. ஒரு அட்டையை நுழைத்து அந்தக் கோட்டில் இருந்ததைக் கொஞ்சம் எடுத்து என் கையில் வைத்தார். இறகு இறகாய், பளபளவென்று, நிமிர்ந்து நிற்கும் படிகங்கள்.

எனக்கு இதைத் தெரியும். இது எங்கள் ஊர்ப் புல்லில் இருப்பது.

"நாலைந்து நாளைக்கு முன்னால் வானம் தெளிவாக இருந்தது, காற்றே இல்லை, ஞாபகம் இருக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார். நாங்கள் அப்போது ரயிலில் இருந்தோம், எங்களுக்கு எப்படித் தெரியும். அந்த இரவுகளில் பழைய பனியின் மேல் உறைபனி பூத்திருக்கிறது. பூத்ததை வெயிலோ காற்றோ கலைப்பதற்குள் புதுப்பனி வந்து மேலே மெல்லப் போர்த்திவிட்டது. போர்த்திய பனி கனத்துக் கட்டியாகும். அடியில் இருப்பதோ சீட்டுக்கட்டை நிறுத்திவைத்த மாதிரி நிற்கும் படிகம். நேராக அழுத்தினால் கொஞ்சம் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் மொத்தமாய்ச் சாயும். ஒரு ஆள் மேலே கால் வைத்தால் அந்த இடத்தில் மட்டும் சாயாது. ஒரு படிகம் அடுத்ததைச் சாய்க்க, அது அடுத்ததைச் சாய்க்க, சரிவு முழுக்க ஒரே மூச்சில் ஓடும். 'வும்ப்' என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் கேட்கும் என்றார். அது கேட்டால் மேலே இருக்கும் பலகை மொத்தமும் இனி எதன் மேலும் ஒட்டிக்கொண்டு இல்லை என்று அர்த்தம்.

மாமா சொன்ன 'சாமான்' இதுதான்.

பிறகு ஒரு சோதனை செய்து காட்டினார். சுவரில் இருந்து ஒரு சாண் சொச்சம் அகலத்துக்குத் தூண் போலப் பனியை வெட்டித் தனியாக்கி, அதன் தலையில் ஷவலின் தட்டை வைத்தார். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. பிறகு முழங்கையில் இருந்து பத்து. பிறகு தோளில் இருந்து பத்து. எத்தனையாவது தட்டில் எந்த அடுக்கு உடைகிறது, எப்படி உடைகிறது என்று பார்ப்பது. எங்கள் தூண் முழங்கைத் தட்டு மூன்றிலேயே விட்டுவிட்டது. உடைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. மேல் பாதி, மேசை இழுப்பறையை இழுத்தது போலச் சுத்தமாக வழுக்கி அவர் மடியில் வந்து விழுந்தது.

அன்றைக்கு நாங்கள் கடக்க வேண்டிய இடம் ஒரு திறந்த சரிவு. பாய்ஜி இரண்டு குச்சிகளை வைத்து அதன் சாய்வைக் கணக்கிட்டார், முப்பத்தைந்து டிகிரி கிட்டத்தட்ட. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிக்குள் நடக்கின்றன. முறத்தில் அரிசியை வைத்துச் சாய்த்துப் பாருங்கள். கொஞ்சம் சாய்த்தால் அசையாது. நிமிர்த்திப் பிடித்தால் அரிசி தங்கவே தங்காது, கொட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு சாய்வு இருக்கிறது, அங்கே நிறையத் தங்கும், தங்கியது மொத்தமாய் இறங்கும். பார்க்க ஏறிவிடலாம் போல, நடக்க வசதியாக, படம் எடுக்க அழகாக இருக்கும் சாய்வு அதுவேதான்.

"போக வேண்டாம்" என்றார்.

இங்கேதான் கொஞ்சம் வெட்கப்படும்படி ஆனது. எங்களில் ஒருவன் சண்டைக்குப் போனான். பதினெட்டாயிரம் ரூபாய், ரயில் டிக்கெட், லீவு. இன்னொரு குழு அந்தச் சரிவை நேற்றுக் கடந்ததாகக் கேம்ப்பில் சொன்னார்கள் என்றான். சிக்னல் கிடைத்த மேட்டில் நின்று நிறுவனத்துக்குப் போன் போட்டான். அந்த முனையில் இருந்தவர் வழிகாட்டியிடம் என்ன பேசினார் என்று தெரியாது. இவர் "ஜி... ஜி" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்து, "அவர் டேராடூனில் இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன்" என்றார். நான் யார் பக்கம் பேசினேன் என்று எழுதத்தான் இந்தப் பத்தியைத் தொடங்கினேன். யார் பக்கமும் பேசவில்லை. கையில் அந்தப் படிகத்தை வைத்துப் பார்த்த பிறகும், உள்ளுக்குள் எனக்கும் உச்சிதான் வேண்டியிருந்தது.

புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலில் காட்டும் பீக்கனோ, பனியைக் குத்தித் தேடும் நீளக் கம்பியோ எங்களிடம் இல்லை. எட்டுப் பேருக்கு ஒரு ஷவல், அதுவும் பாய்ஜியுடையது. புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள் என்பார்கள். 35 நிமிடம் ஆகிவிட்டால் மூன்று பேர் மிஞ்சினால் அதிகம். சரிந்து நின்ற பனி பஞ்சாய் இருக்காது, நின்ற கணத்தில் கான்கிரீட் ஆகிவிடும். வெளியில் இருந்து உதவி வரும் என்று நம்புவது வீண், பக்கத்தில் நிற்பவன்தான் உதவி. அந்த ஒரு ஷவல் எங்களில் எத்தனை பேரைத் தோண்டியிருக்கும்?

திரும்பினோம்.

அந்தச் சரிவு அன்று சரியவில்லை. மறுநாளும் சரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு குழு அதைக் கடந்து, உச்சியில் கொடி பிடித்துப் போட்ட படத்தை என் நண்பன் எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டு, கீழே ஒன்றும் எழுதாமல் விட்டான். அந்த ஒன்றும் எழுதாமையை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த விஷயத்தில் என்னை உறுத்துவது இதுதான். மற்ற தொழிலில் தப்பு செய்தால் தப்பு என்று தெரிந்துவிடும். சாம்பாரில் உப்புக் கூடினால் வாய் சொல்லும். மலை சொல்லாது. அபாயமான சரிவை நூறு பேர் மிதித்துக் கடந்தாலும், பலவீனமான அந்த ஒரு புள்ளியில் யார் காலும் படாமல் போனால் நூறு பேரும் நல்லபடியாக வீடு சேர்வார்கள். சேர்ந்தவர்கள் எல்லோரும் தாங்கள் சரியாக முடிவெடுத்ததாக நினைப்பார்கள். திரும்பி வந்தவன்தான் பயந்தாங்கொள்ளி. அபாய எச்சரிக்கையை ஐந்து படியாகப் பிரித்துச் சொல்வது உலக வழக்கம். நம் நாட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் பனிச்சரிவு ஆய்வு நிலையம் 1969-ல் மணாலியில் தொடங்கியது. இன்று வேறு பெயரில் சண்டிகரில் இருந்துகொண்டு காஷ்மீர், இமாசலம், உத்தரகாண்ட் மாவட்டங்களுக்கு இப்படி எச்சரிக்கை விடுகிறார்கள். ஐரோப்பாவில் கணக்குப் பார்த்தால் ஐந்தாம் படியில் சாகிறவர்கள் கம்மி, அன்று யாரும் வெளியே போவதில்லை. அதிகம் பேர் சாவது மூன்றாம் படியில். நடுவாந்தரமாய்ச் சொன்னால், 'பார்த்துப் போனால் ஒன்றும் ஆகாது' என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

2022 அக்டோபர் 4 அன்று, திரௌபதி கா டண்டா சிகரத்தில் பயிற்சிக்கு ஏறிக்கொண்டிருந்த குழு பனிச்சரிவில் சிக்கியது. இருபத்தேழு உடல்கள் கிடைத்தன, இருவர் அப்போது கிடைக்கவில்லை. உத்தரகாசிப் பயிற்சி நிலையத்தின் மாணவர்களும் பயிற்றுநர்களும். கற்றவர்கள், கற்பித்தவர்கள். அன்றிரவு பாய்ஜிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டார். "இருக்கிறேன்" என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை.

கேதார்காந்தாவில் இருந்து திரும்பிய ஆறு மாதத்தில் அவலாஞ்சியில் மழை வந்தது.

என் அப்பா மின்வாரியத்தில் இருந்தவர். குந்தா நீர்மின் திட்டத்து அணை கேம்ப்களில்தான் நான் வளர்ந்தேன். வேலையில் இருந்த காலத்தில் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் அவர் பாடு. ஓய்வுக்குப் பிறகும் பழக்கம் விடவில்லை. எமரால்டில் பி.எஃப். பணத்தில் கட்டிய வீட்டு முற்றத்தில் சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறார். 2019 ஆகஸ்ட் முதல் வாரம் அது ஒரு ராத்திரிக்கு நாலு தடவை நிரம்பியது. "நான் அளக்கலடா, மொண்டு ஊத்துறேன்" என்றார் போனில். அரசுக் கணக்கில் ஆகஸ்ட் 8 காலை வரையிலான 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 820 மில்லிமீட்டர், மறுநாள் 911. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 1,400. இரண்டே நாளில் அதைத் தாண்டிவிட்டது.

பாதை திறந்ததும் ஊருக்குப் போனேன். லாரன்ஸ் தாண்டியதும் சாலை நெடுக மலை கிழிந்திருந்தது. பச்சையில் சிவப்பு நகக் கீறல்கள். ஒரு கீறலின் தலைப்பக்கம் ஏறிப் பார்த்தேன். குழிச்சுவர்! செதுக்கிவைத்த அதே அடுக்கு. மேலே கறுப்பு மண், தேயிலை வேர். அதன் கீழே சிவப்பு. அதற்கும் கீழே சோப்பு போல வழவழவென்று வெளுத்த களிமண். அடியில் பாறை. நீலகிரியின் பாறை கெட்டியான சார்னோகைட், கோடாலிக்கு அசையாது. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டு மழையில் அதன் மேல்பகுதி மக்கி மண்ணாகி, சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது. மழைத் தண்ணீர் அதில் இறங்கி, களிமண்ணில் வந்து இறங்க வழியில்லாமல் தேங்கும். தேங்கிய தண்ணீர் மண் மணிகளை ஒன்றோடொன்று உரசவிடாமல் உள்ளிருந்து தள்ளும். உரசல் போனால் பிடிப்பு போயிற்று. அங்கே உறைபனி செய்த வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது. மேலே கனம், அடியில் வழுக்கல், நடுவாந்தரச் சாய்வு. எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேட்டைச் செல்போன் செயலியில் அளந்தேன்: 34 டிகிரி.

அந்த வெள்ளைக்காரனை முட்டாள் என்று நினைத்ததை அன்றைக்குத்தான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே நாம் போய் மிதிக்கிறோம். இங்கே மலையின் காலை வெட்டுகிறோம். சாலைக்கு வெட்டு, வீட்டுக்கு வெட்டு, காட்டேஜுக்கு வெட்டு. மழைநீர் இறங்கிக்கொண்டிருந்த ஓடையை மூடி அதன் மேல் பார்க்கிங். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டி, மாவட்டம் முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தபோது, விழுந்த இடங்களில் பல இப்படி வெட்டிய இடங்கள். அதற்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயகரமானவை என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு பருவமழைக்கும் செய்தித்தாளில் அந்த எண் வருகிறது. பட்டியலில் இருக்கும் இடத்தில் வசிப்பவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "முப்பது வருஷமா இருக்கோம், ஒண்ணும் ஆகலையே."

கூடலூரைத் தாண்டினால் வயநாடு. எங்களுக்கு அவலாஞ்சியில் கொட்டிய அதே ஆகஸ்ட் 8-ல்தான் மேப்பாடிக்குப் பக்கத்துப் புத்துமலை சரிந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் முண்டக்கை. அங்கே 1984-லேயே ஒரு சரிவு நடந்திருக்கிறது. 2024 ஜூலை 30 விடியற்காலை முண்டக்கையும் சூரல்மலையும் போயின. இருநூறுக்கும் மேல் உயிர். அதற்குப் பதினோரு நாள் முன்புதான் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறந்திருந்தார்கள். சோதனைக்கென்று முதலில் எடுத்த இடங்கள் டார்ஜிலிங் பகுதியும் எங்கள் நீலகிரியும். எங்களுக்கு இப்போது மழைக்காலத்தில் முன்னறிவிப்பு உண்டு. வயநாட்டுக்கு அப்போது அந்த அளவுக்கு இல்லை. இருக்கும் எங்களிலும் எத்தனை பேர் அதைப் பார்க்கிறோம்?

அப்பாவுக்கு அந்த அறிவிப்பெல்லாம் தெரியாது. அவருக்குக் கம்பம் தெரியும். "லைன்ல போறப்ப கம்பம் சாஞ்சிருந்தா, காத்துல சாஞ்சுதா மண்ணுல சாஞ்சுதான்னு பாப்போம். ஒண்ணு மட்டும் சாஞ்சா காத்து. வரிசையா ஒரே பக்கம் சாஞ்சா மண்ணு நகருது." சில்வர் ஓக் மரம் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தாலும் அப்படித்தான் என்பார். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், ஓடிக்கொண்டிருந்தது நின்றாலும் அப்படித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் மேல் வீட்டுக்காரர் காட்டேஜ் கட்ட ஜேசிபி வைத்து எங்கள் மேட்டின் தோளை வெட்டினார். கேட்டதற்கு, தடுப்புச் சுவர் போடுகிறோம் சார் என்றார். போட்டார். தண்ணீர் வெளியேற ஓட்டை விடவில்லை. முதல் மழைக்கே எங்கள் பின்முற்றத்தில் ஒரு விரிசல். அப்பா ஒன்றும் பேசவில்லை. விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் சிமென்ட்டைக் குழைத்துப் பட்டையாய்ப் பூசி, ஆணியால் தேதியைக் கீறிவைத்தார். மண் நகர்ந்தால் பட்டை உடையும். தினமும் காலை மழையைப் பார்த்த கையோடு ஒரு தீக்குச்சியை எடுத்துப்போய்ப் பட்டைகளைப் பார்ப்பார். நோட்டில் இப்போது இரண்டு பத்தி.

போன ஐப்பசியில் நான் ஊரில் இருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அளந்துவிட்டு வந்து, "நூறு தாண்டிருச்சு. கிளம்பு" என்றார். நூறு தாண்டினால் ராத்திரி அந்த வீட்டில் தங்குவதில்லை, பாறைமேல் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவது. அவரே வைத்துக்கொண்ட சட்டம். அம்மா மாத்திரைப் பையை எடுத்தாள், அப்பா டார்ச்சையும் நோட்டையும். குடை பிடித்துக்கொண்டு மூன்று பேரும் படி இறங்கும்போது, மேல் வீட்டுத் திண்ணையில் இருந்து குரல் வந்தது.

"என்ன சார், இன்னிக்கும் ஊர்வலமா? போன வருஷமே எட்டு வாட்டி போனீங்க, வீடு அங்கயேதான நிக்குது?"

"ஆமா, நிக்குது" என்றார் அப்பா, நிற்காமல்.

காலையில் மழை விட்டிருந்தது. வீடு இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றாமல் நேரே முற்றத்துக்குப் போய், மழைமானியை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து எழுதினார். பிறகு குனிந்து தீக்குச்சியை வைத்தார். முதல் பட்டை. இரண்டாவது. மூன்றாவதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"கண்ணாடி எடுத்துட்டு வாடா" என்றார்.